ராஜாவின் இடது செருப்புக்குக் கேட்டு வாங்கிய அனுமதி

பள்ளி நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத வேலை எதுவோ அது நூலகத்துக்குத்தான் வந்து சேரும். தொலைந்துபோன டிபன் பாக்ஸ் வரும், மைக் செட் வரும், பிரேயரில் மயக்கம் போட்டு விழுந்த பிள்ளை வரும். நடுவில் அரை மணி நேரம் கிடைத்தால் புத்தகமும் கொடுக்கலாம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் இப்படித்தான் ஓட்டினேன். குறை ஒன்றும் இல்லை, நன்றாகவே ஓடியது.

காப்பிரைட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். உங்களுக்கும் வரும், தெரியும். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி, அதை யார் படிக்கிறார்கள்? நானும் படித்ததில்லை. அந்த வரி என்னை ஒரு வாரம் தூங்கவிடாமல் அடித்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் சின்னதாக ஒரு கூத்து. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குப் படம் போட்டேன். கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒழுங்கான டிஸ்க். ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, கதவைச் சாத்தி, பெருமையாக உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் விளக்கைப் போட்டால் ஹாலில் பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் பாயோடு வந்து படுத்திருக்கிறார்கள். ஒருவர் சமோசாத் தட்டை இறக்கி வைத்து வியாபாரமே தொடங்கிவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே ஒரு சமோசா வாங்கித் தின்றேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் அப்பா என்னிடம் வந்தார். அவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர்.

"டீச்சர், உங்க பசங்க, வாத்தியாருங்க, பசங்களோட அப்பா அம்மா, ஸ்கூலச் சேர்ந்தவங்க. இவங்களோட நின்னுச்சுன்னா நீங்க படம் போடலாம், நாடகம் போடலாம், யாரையும் கேக்கத் தேவையில்ல. கேட்டைத் தாண்டி ஊரு உள்ள வந்துச்சுன்னா கத வேற. அப்போ படத்துக்குச் சொந்தக்காரன் கிட்ட கேக்கணும்."

"நாங்க டிக்கெட்டா விக்கிறோம்?"

"டிக்கெட்டு இல்லீங்க விஷயம். யாரு பாக்கறாங்கன்றதுதான் விஷயம்."

சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவைத்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்தக் கேட் மட்டும் எப்படியோ மண்டையில் தங்கிவிட்டது. நல்லவேளை தங்கியது.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஆண்டு விழா என்றால் எட்டாம் வகுப்பு நாடகம் இருந்தே ஆகவேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பதும் சொல்லிக்கொடுப்பதும் நூலகத்தின் தலையில். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், பழைய அலமாரியில் இருந்து சிறுவர் நாடகங்கள் என்று ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தேன். அதில் 'ராஜாவின் இடது செருப்பு' என்று ஒரு நாடகம். ராஜாவின் இடது செருப்பு அறுந்துபோகிறது. தைத்தவனைக் கூட்டிவா என்கிறார். மந்திரிக்குத் தெரியவில்லை, தளபதிக்குத் தெரியவில்லை, செருப்பு விற்ற வியாபாரிக்கே தெரியவில்லை. ராஜா ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே ஊர் முழுக்கத் தேடுகிறார். கடைசியில் ஒரு சிறுமிதான் பதில் சொல்கிறாள். தோல் ஊரில் போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் கிடைக்காது என்று குதித்தேன்.

அந்தக் கடைசிக் காட்சியில்தான் என் கை ஊறியது. ஆசிரியர் எழுதியிருந்தது என்னவென்றால், அந்தச் சிறுமியும் மற்றப் பிள்ளைகளும் முன்னால் வந்து, செருப்புத் தைத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நாடகம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரில் தைப்பவர்களின் நிஜப் பெயர்கள் என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான், திரை. இது என்ன, அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி சப்பென்று இருக்கிறதே என்று அதை வெட்டினேன். ராஜா பொற்கிழி கொடுப்பார், எல்லோரும் ஆடுவார்கள் என்று நானே எழுதிச் சேர்த்தேன். டான்ஸ் இல்லாமல் முடிந்தால் தாளாளர் முகம் சுளிப்பார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

சிறுமியாக நடித்தவள் தேன்மொழி. வெடுக்கென்று பேசுகிற பிள்ளை. அவள் அம்மா மல்லிகா ஷூ கம்பெனியில் நாலாவது லைனில் தைக்கிறார். எங்கள் பிள்ளைகள் பலருடைய அம்மாக்கள் அந்தக் கம்பெனிதான். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கம்பெனியில் ஏதோ பெரிய ஆர்டர், கன்டெய்னர் கிளம்ப வேண்டும் என்று எல்லோருக்கும் லீவை ரத்து செய்துவிட்டார்கள். பர்மிஷனும் கிடையாது. போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆக வீடியோ காலில் காட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

ஒத்திகையில் தேன்மொழி வசனம் பேசாமல் நின்றாள்.

"இன்னாடி, மறந்துட்டியா?"

"மறக்கல டீச்சர். நான் நடிக்கல. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏன்?"

"ஆறாவதுல டான்ஸ் ஆடினேன், வர்றேன்னு சொல்லிட்டு வரல. ஏழாவதுல பேச்சுப் போட்டி, வரல. இப்பவும் வராது. யாரோ பாக்கறதுக்கு நான் எதுக்கு நடிக்கணும்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு சாக்லெட்டில் சமாளித்திருப்பேன். அப்படியே கைகட்டி நின்றாள். அவளுக்குப் பின்னால் மந்திரியும் தளபதியும் தலையைத் தொங்கப் போட்டார்கள், அவர்கள் அம்மாக்களும் அதே கம்பெனி.

எங்கள் எச்.எம். அம்மா கெட்டிக்காரி. நேரே கம்பெனிக்குப் போய் எச்.ஆர். மேனேஜரைப் பிடித்துப் பேசிவிட்டு வந்தார். விழாவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனிலேயே நாடகத்தைப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். தேன்மொழி தன் வசனத் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நானும் அரை மணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அப்புறம் அந்தக் கேட் ஞாபகம் வந்தது. கேன்டீனில் ஒரே நேரத்தில் சாப்பிடுபவர்கள் ஐந்நூறு பேருக்குக் குறையாது. எங்கள் அம்மாக்கள் அதில் ஒரு ஓரம். ஊர் நம் கேட்டுக்குள் வருவது போய், நாமே கேட்டைத் தாண்டி ஊருக்குள் போகிறோம். எச்.எம். அம்மாவிடம் சொன்னேன்.

"புத்தகம் நாம வாங்கினதுதானே?" என்றார்.

"புத்தகம் நம்முதுதாம்மா. நாடகம் அவருது."

"யாருக்குத் தெரியப் போவுது? இன்னிக்கு திங்கக்கிழமை. இப்போ போயி ஆளத் தேடிப் புடிச்சு, அவரு முடியாதுன்னு சொல்லிட்டா? அந்தப் பசங்க மூஞ்சில நான் முழிக்க முடியாது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதே ஆசைதான். கேட்காமல் இருந்தால் முடியாது என்ற பதிலும் வராது. இந்த வேலையில் உங்களை அடிக்கடி சோதிப்பது கெட்டவர்கள் இல்லை. நல்ல காரியத்துக்காக அவசரப்படுகிற நல்லவர்கள்தான் சோதிப்பார்கள். நானே அதில் முதல் ஆள். ஆனால் என் மேஜைக்கு மேலே 'கேட்காமல் புத்தகம் எடுக்காதே' என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

புத்தகத்தில் போன் நம்பர் இல்லை. பதிப்பகம் மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. ஆசிரியர் கலீல், மேல்விஷாரத்தில் ஒரு தெரு என்று முகவரி மட்டும். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூர் போய், ஆற்காடு பஸ் பிடித்தேன். அந்தத் தெருவில் விசாரித்தால், நாடகமா, யாரு என்றார்கள். கலீல் என்றதும், நம்ம சாயக்கடை பாயா என்று கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள். தோல் பதனிடுவதற்கான சாயமும் ரசாயனமும் விற்கிற கடை. நீல நிற டிரம்களுக்கு நடுவில் பெரிய மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை நீட்டியதும் எழுந்து நின்றுவிட்டார்.

"இது இன்னும் உசுரோட கீதா?"

டீ வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அழைப்பிதழ் இருந்தால் காட்டுங்கள் என்றார். நம் ஊர் ஆண்டு விழா அழைப்பிதழ் உங்களுக்குத் தெரியுமே. பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை ஓட்டி, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். தலைமை. முன்னிலை. முன்னிலையில் மட்டும் பதினோரு பேர். வாழ்த்துரை. சிறப்பு விருந்தினர். அவர் வாங்கிய பட்டங்கள். பரிசு வழங்குபவர். நன்றியுரை. கடைசி வரிக்கு வந்தார்.

"பந்தல் போட்டவரு பேரு கீது. மைக் செட்டுக்காரரு பேரு கீது." கண்ணாடியைக் கழற்றினார். "என் பேரு இன்னா ஆச்சு டீச்சர்?"

எனக்கு டீ புரையேறிவிட்டது. முப்பது வருடமாக நானே அச்சுப் பிழை பார்க்கிற அழைப்பிதழ். நாடகம் எழுதியவர் பெயர் வேண்டும் என்று ஒரு வருடம்கூடத் தோன்றியதில்லை. விட்டுப்போனது என்று மழுப்பக்கூட முடியாது, நினைவில் இருந்தால்தானே விட்டுப்போக?

அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "என் பொண்ணு படிக்கிறப்போ ஒரு போட்டியில இதே நாடகத்த வேற ஸ்கூல்காரங்க போட்டாங்க. ஃபர்ஸ்ட் பிரைஸ். எழுதி இயக்கினவருன்னு ஒரு வாத்தியாரக் கூப்ட்டு சால்வ போத்தினாங்க. நானும் கீழ உக்காந்து கை தட்டினேன். என் பொண்ணு என் சட்டையப் புடிச்சு இழுத்து, அப்பா, இது உன்னுதுதானேன்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான் எழுதல. வேணாம் டீச்சர். வேற நாடகம் பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. எழுந்து கிளம்ப வேண்டியதுதான். அப்போது அவராகவே, "கடைசி சீன் எப்பிடி முடிக்கிறீங்க?" என்றார்.

அங்கேதான் நான் தடுமாறினேன். புத்தகத்தில் உள்ளபடி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் மனம் இளகவும் வாய்ப்பு இருந்தது. ஆனால் பெயரை விட்டுவிட்டு வந்து நிற்கிறேன், அதற்கு மேல் பொய் வேறா? வெட்டியதைச் சொன்னேன். பொற்கிழியைச் சொன்னேன். டான்ஸையும் சொன்னேன்.

"பொற்கிழியா!" என்று டிரம்மில் ஒரு தட்டுத் தட்டினார். "அந்தப் பேருங்களுக்கோசரந்தான் நாடகமே எழுதினது! அதத் தூக்கிட்டு டான்ஸா? யாரக் கேட்டு மாத்தினீங்க?"

"யாரையும் கேக்கல பாய். தப்புதான்."

புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். அப்புறம், "கேன்டீன்ல போடறோம்னு சொன்னீங்களே, யாரு பாக்கறது?" என்றார்.

"லைன்ல தைக்கிறவங்க. எங்க பசங்களோட அம்மாங்க. அவங்களுக்கு விழாவுக்கு வர லீவு இல்ல." தேன்மொழி கைகட்டி நின்றதையும் சொன்னேன்.

"ஷூ தைக்கிறவங்க பாக்கறாங்களா?" என்று மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

"எழுதுங்க. ஒண்ணு, கடைசி சீன் நான் எழுதினபடி. ரெண்டு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எழுதினவன் பேரச் சொல்லணும், அழைப்பிதழ்லயும் போடணும். மூணு, ஒரு தபா கேன்டீன்ல, ஒரு தபா ஸ்கூல்ல, அவ்ளோதான். வீடியோ புடிச்சு யூடியூப்ல போடற வேலையெல்லாம் கூடாது. அப்புறம் ஊரெல்லாம் போட ஆரம்பிச்சிருவாங்க, பேஜாரு."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் அந்தத் தாளை நாலு தடவை பிரித்துப் பார்த்தேன். வாழ்க்கையில் என் கல்யாணப் பத்திரிகையைக்கூட அத்தனை தடவை பார்த்ததில்லை.

அழைப்பிதழை மறுபடி அடிக்க முடியாது. அதனால் பெயரைத் தனித் துண்டாக அச்சடித்து எல்லாவற்றிலும் ஒட்டினோம். புதனும் வியாழனும் கடைசிக் காட்சி ஒத்திகை. பிள்ளைகள் தங்கள் அம்மா பெயரைச் சொல்ல வேண்டும் என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்து நெளிந்தார்கள். அம்மா பெயரைப் படிவத்தில் எழுதுவார்கள், மைக்கில் சொல்லிப் பழக்கமா இருக்கிறது? ராஜாவையே அதட்டுகிற தேன்மொழிக்கு அந்த இடத்தில் மட்டும் குரல் எழும்பவில்லை. "எல்லார் எதுக்க எப்பிடி டீச்சர் அம்மா பேரச் சொல்றது?" என்றாள். அன்றைக்கு வந்துவிடும் என்று நானும் தைரியம் சொன்னேன், எனக்கு நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் வேஷத்தோடு வேனில் இருந்து இறங்கியாயிற்று. ராஜாவுக்கு மீசை வேறு ஒரு பக்கம் தொங்குகிறது. கேன்டீனுக்குள் போனால் ஒருவர் ஸ்டாண்டை விரித்துக் கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறார். எச்.ஆர். மேனேஜர் கைகுலுக்கினார். நல்ல மனிதர், உற்சாகமாக இருந்தார்.

"மேடம், ஃபுல்லா கவர் பண்றோம். நம்ம பையர்ஸ்க்கு அனுப்பணும், அப்பிடியே கம்பெனி பேஜ்லயும் போட்டுடலாம்."

"சார், நாடகத்த வீடியோ எடுக்க அனுமதி இல்ல. எழுதினவரு எழுத்துல குடுத்திருக்காரு."

"ஒரு சின்னப் பசங்க நாடகம் மேடம். இன்னா ஆயிடப் போவுது?"

"ஆகுதோ இல்லயோ, வாக்குக் குடுத்துட்டேன் சார்."

அவர் முகம் மாறியது. "மேனேஜ்மென்ட்ல வீடியோ காட்டறேன்னு சொல்லித்தான் பர்மிஷனே வாங்கினேன். வீடியோ இல்லன்னா ப்ரோகிராம் எதுக்குன்னு கேப்பாங்க." எச்.எம். அம்மா என் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தார். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பெண்கள் தட்டோடு வந்து உட்காரத் தொடங்கிவிட்டார்கள். வாசலில், நான் கூப்பிட்டதற்காக வந்த கலீல் பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் பேச்சில் தலையிடவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கிறார் போல. வாய் எப்படியோ வேலை செய்தது.

"சார், உங்க பையர்ஸ்க்கு எங்க ராஜாவையும் மந்திரியையும் பாத்து இன்னா ஆகப் போவுது? உங்க கம்பெனி ஆளுங்க சந்தோஷமா இருக்கறதத்தானே காட்டணும்? கேமராவ அந்தப் பக்கம் திருப்புங்க. பாக்கறவங்கள எடுங்க. சவுண்ட மட்டும் நிறுத்திடுங்க."

அவர் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார். "இது நல்ல ஐடியாவா கீதே," என்று கேமராக்காரரைத் திருப்பச் சொன்னார். எடுக்கலாமா என்று மேசை மேசையாகக் கேட்டுவிட்டு வரவும் சொன்னார். எச்.எம். அம்மா என் புடவையை விட்டார்.

இதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று சொல்வது நம் வேலையில் பாதிதான். எது முடியும் என்று அதே மூச்சில் தேடிக் கொடுப்பது மறுபாதி. முதல் பாதியோடு நிறுத்துகிறவர்களைப் பள்ளிக்கூடம் சட்டாம்பிள்ளை என்று கூப்பிடும், நியாயமும்தான்.

நான் மைக்கில் போய், நாடகம் எழுதியவர் மேல்விஷாரம் கலீல் என்று சொன்னேன். அவர் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். நாடகம் தொடங்கியது. ராஜா நொண்டும்போதே கேன்டீன் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. தைத்தவர் யாரென்று தெரியவில்லை என்று வியாபாரி கையை விரித்தபோது, பின் மேசையில் இருந்து ஒரு அம்மா, "அவனுக்கு எங்க தெரியும்!" என்றார்.

கடைசிக் காட்சி. பிள்ளைகள் வரிசையாக முன்னால் வந்தார்கள். "பர்வீன்." "லட்சுமி." "ரெஜினா." ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு மேசையில் ஒரு அலறல், சிரிப்பு, தோளில் ஒரு அடி. கம்பெனியில் அவர்களை லைன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தேன்மொழி முறை வந்தது. வாயைத் திறந்தாள். என்னவோ சொன்னாள், மைக்குக்கே கேட்கவில்லை. தலை குனிந்துவிட்டது. நான் பக்கவாட்டில் நின்று கையைப் பிசைந்தேன். போச்சு, மூன்று வருடம் காத்திருந்த பிள்ளை, இப்படி முடியப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நடு மேசையில் ஒரு அம்மா எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"சத்தமா சொல்லுடி! எங்க லைனுக்கு கேக்க வேணாமா?"

கேன்டீன் முழுக்க ஓவென்று சிரித்தது. தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து நின்றது அவள் அம்மா. அப்புறம் அந்தப் பிள்ளை மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, "மல்லிகா!" என்று கத்தியது, கூரைத் தகரம் அதிர்ந்தது. மல்லிகா நின்றபடியே அழுதார், சிரித்தார், ஒரு கைதான் சுத்தம் என்பதால் அந்தக் கையால் மேசையைத் தட்டினார்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் தேன்மொழியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார் மல்லிகா. கலீல் பாய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி அவரிடம் போனார்.

"இன்னாம்மா, நான் எழுதாத டயலாக் ஒண்ணு பேசிட்டீங்க. நல்லா இருந்துச்சு. நாடகத்த மறுபடி அச்சுப் போடலாம்னு நெனைக்கிறேன். அத சேத்துக்கட்டுமா?"

மல்லிகா முந்தானையில் முகத்தைத் துடைத்தார். "என்னையா கேக்கறீங்க?"

"நீங்க சொன்னதுதானே. உங்களத்தான் கேக்கணும்."

மல்லிகா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மணி அடித்தது. நாலாவது லைன் பக்கம் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார்.

"சேத்துக்குங்க பாய். பேரப் போட்டுருங்க. எஸ். மல்லிகா. இனிஷியல வுட்டுடாதீங்க."